சிறுநீரகம் கொடுத்தவருக்கே பின்னாளில் சிறுநீரகம் பழுதாகுமா?

கேள்வி: செந்தூல் வாசகி, 2 மார்ச் 2025

ஐயா, என் அண்ணன் டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறார். என் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறேன். எனக்கு வயது 29, ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். ஒன்றே போதும், கொடுத்தவர்கள் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மாமியார் வீட்டிலோ, கொடுத்தவள் நாளைக்கு அண்ணன் உட்கார்ந்த அதே டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்காருவாள் என்கிறார்கள். நீங்கள் தம்பிக்குக் கொடுத்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். யார் சொல்வதை நம்புவது?

2 மார்ச், இரவு

மருத்துவமனை சொன்னது பெரும்பாலோருக்குப் பொருந்தும். உங்கள் மாமியார் வீட்டார் சொன்னதும் சிலருக்கு நடந்திருக்கிறது. அந்தச் சிலர் யார், அவர்களில் ஒருவராகும் வாய்ப்பு உங்களுக்கு எவ்வளவு என்பதை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1994 முதல் 2011 வரை அமெரிக்காவில் சிறுநீரகம் கொடுத்த 96,217 பேரைப் பற்றிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதன்படி, 15 ஆண்டுகளுக்குள் கொடையாளர்களில் 10,000 பேருக்கு ஏறத்தாழ 31 பேர் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் நிலைக்குப் போனார்கள். அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களிடையே அந்த எண்ணிக்கை 10,000-க்கு 4. ஆயுள் முழுவதற்குமாக 10,000 பேருக்குக் கணக்கிட்டபோது கொடையாளர்களில் 90, ஆரோக்கியமான மற்றவர்களில் 14, எந்தச் சோதனைக்கும் உட்படாத பொதுமக்களில் 326 என்று வந்தது.

இந்த மூன்று எண்களில் எந்த இரண்டை உங்கள் முன் வைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 90-ஐ 326-க்குப் பக்கத்தில் வைத்தால் கொடுத்தவர் ஊராரைவிட நலமாக இருப்பது போலத் தெரியும். ஆனால் கொடையாளர் ஊராரில் ஒருவர் அல்லர். எல்லாச் சோதனைகளிலும் தேறிய பிறகே மேசையில் ஏற்றப்பட்டவர். கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் 14 என்ற எண் வந்த கூட்டத்தில் இருந்திருப்பார். என்னிடம் அன்று 326-ஐ மனத்தில் வைத்துத்தான் பேசினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த ஒப்பீடு எனக்குரியது அன்று.

3 மார்ச்

ஈப்போ வாசகர் ஒருவர், கொடையாளர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது பற்றிய நார்வே ஆய்வை எடுத்துப்போட்டு, “11 மடங்கு ஆபத்து” என்று எழுதியிருக்கிறார். மடங்குக் கணக்கு சரிதான். அந்த ஆய்வில் 1,901 கொடையாளர்களில் 9 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், உங்களைப் போன்றவர்கள் இரவு தூங்கியிருப்பார்கள்.

நான் அந்த ஆய்வில் பார்ப்பது வேறு இரண்டு செய்திகளை. செயலிழப்பு வந்தது கொடுத்துச் சராசரியாக 18 ஆண்டுகளுக்கும் மேலாகிய பிறகு. தையல் ஆறி, வேலைக்குத் திரும்பி, ஒரு சிறுநீரகம் இல்லை என்பதையே மறந்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் காலத்தில் அது வந்திருக்கிறது. மற்றொன்று, அந்தக் கொடையாளர்களில் பெரும்பாலோர் நோயாளிக்கு ரத்த உறவினர். அவர்களுக்கு வந்த நோய்களிலும் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் வகைதான் மிகுதி. தம்பிக்கு வந்த நோயின் விதை அண்ணனிடமும் இருந்திருக்கலாம்; கொடுத்த நாளில் அது முளைத்திருக்கவில்லை.

ஆகவே தங்கை, முதலில் கேட்க வேண்டிய கேள்வி உங்களைப் பற்றியதன்று. அண்ணனுடைய சிறுநீரகம் எதனால் பழுதாயிற்று? இனிப்பு நீரா, ரத்த அழுத்தமா, நீர்க்கட்டிகள் நிறைந்த பரம்பரை நோயா, எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தில் படிந்து வரும் ஐஜிஏ வகை அழற்சியா? ‘காரணம் தெரியவில்லை, வரும்போதே முற்றிவிட்டிருந்தது’ என்றால், அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். திசுச் சோதனை எடுத்தார்களா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் சிறுநீரில் ரத்தமோ காது மந்தமோ உண்டா என்று அவர்களே உங்களிடம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள்.

3 மார்ச், சற்றுப் பின்னர்

முந்தைய எண்களை எழுதிவிட்டு ஒரு நெருடலோடு இருந்தேன். அவை அமெரிக்கரையும் நார்வேக்காரரையும் பற்றியவை. நம் ஊர்க் கதை இனிப்பு நீரில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் மிக அதிகம். டயாலிசிஸுக்குப் புதிதாக வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவினால் வருகிறார்கள். சிறுநீரகம் கொடுப்பதால் இனிப்பு நீர் வருவதில்லை. ஆனால் அது எப்படியும் வரக்கூடிய ஒரு குடும்பத்தில் பிறந்தவருக்கு, அது வரும்போது தாங்குவதற்கு ஒரு சிறுநீரகம்தான் மிச்சமிருக்கும்.

5 மார்ச்

அறுவையின்போதே ஆபத்து உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, மிகக் குறைவு. அமெரிக்கக் கணக்கில் 1994 முதல் 2009 வரை, அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 10,000-க்கு 3 பேர். 2013 முதல் 2022 வரையிலான காலத்தில் அது 10,000-க்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

ரத்தக் கசிவு, காயத்தில் சீழ், குடலிறக்கம் ஆகியவை எந்த வயிற்று அறுவையிலும் உள்ளவை, அவற்றை விட்டுவிடுகிறேன். கொடையாளருக்கே உரிய இரண்டை மட்டும் சொல்கிறேன்.

சிறுநீரகத்துக்குப் போகும் தமனியை வெட்டிய பிறகு, உடலோடு நிற்கும் குறுகிய முனையை எப்படி மூடுகிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை. ஒரு காலத்தில் பூட்டிக்கொள்ளும் வகைப் பிளாஸ்டிக் கிளிப் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அது நழுவி, கொடையாளர்கள் ரத்தம் கொட்டி இறந்திருக்கிறார்கள். கொடையாளரின் சிறுநீரகத் தமனிக்கு அதைப் போடக் கூடாது என்று 2006-இல் தயாரிப்பாளரே அறிவித்தார். 2011-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மறுபடியும் எச்சரித்தது. அறுவை நிபுணரிடம் “தமனியை எதைக் கொண்டு மூடுவீர்கள், டாக்டர்?” என்று கேட்பது அதிகப் பிரசங்கித்தனம் அன்று. நல்ல நிபுணர் அந்தக் கேள்வியைக் கேட்டு மகிழ்வார்.

இரண்டாவது, மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்கே வரும் அடி. துளை வழி அறுவையில் கொடையாளரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே மேசையை வளைத்து, மணிக்கணக்கில் அப்படியே வைத்திருப்பார்கள். உடல் கனத்தவர்களுக்கும் தசை திரண்ட ஆண்களுக்கும் அழுந்திய பக்கத்துப் பிட்டத் தசையும் இடுப்புத் தசையும் நசுங்கிச் சிதையக்கூடும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். இரண்டு இருந்தால் சமாளிக்கும். அன்றுதான் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். அரிதாக நடப்பது, ஆனால் நடந்திருக்கிறது. அறுவைக்கு மறுநாள் வயிற்று வலியைவிடப் பிட்ட வலி மிஞ்சி நின்றாலோ, பையில் வடியும் சிறுநீர் பால் கலக்காத தே ஓ நிறத்தில் இருந்தாலோ, தாதி வரும் வரை காத்திருக்காமல் மணியை அடியுங்கள். உடனே நரம்பு வழியாக நிறைய நீர் ஏற்றினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

6 மார்ச்

வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. குடிக்கலாம், தவறில்லை. நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தே தீர வேண்டும் என்பதும், பார்லித் தண்ணீர் போன சிறுநீரகத்தை வளர்க்கும் என்பதும், ஒரு பெரியவர் தனிச் செய்தியில் எனக்கு அன்போடு பரிந்துரைத்த பீரும் மருத்துவத்தில் இல்லை. தாகத்துக்குக் குறையாமல், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் போதும்.

ஆனால் சிறுநீரகக் கல் என்பது சிரிக்கும் விஷயமன்று. இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கு ஒரு பக்கம் கல் அடைத்தால் வலி தாங்காது, மறுபக்கம் வேலை செய்யும். நமக்கு அடைத்தால் சிறுநீரே வராது. சிறுநீர் நின்றுபோய், விலாவில் வலியும் காய்ச்சலும் இருந்தால், கிளினிக்கில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. நேரே அவசரப் பிரிவுக்குப் போய், எனக்கு ஒரு சிறுநீரகம்தான் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

9 மார்ச்

என் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

தம்பிக்குக் கொடுத்தபோது எனக்கு 44 வயது; பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் என் ரத்தத்தில் அறுவைக்கு முன் 78 மைக்ரோமோல், பிறகு 115. எண் ஏறியதைக் கண்டு பயந்தேன். அது எதிர்பார்த்ததுதான் என்றார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். ஒன்றை எடுத்ததும் மற்றது சில வாரங்களில் தன் வேலையைக் கூட்டிக்கொள்ளும். மொத்த வடிகட்டும் திறன் பாதியாக இறங்காமல், முன்பிருந்ததில் 60 முதல் 70 விழுக்காட்டில் நிற்கும். பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கிறது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் ஆய்வுக்கூட அறிக்கையில் அந்த வரியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும், கீழே ‘நாட்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை’ என்ற வரியும் அச்சாகிவிடும். அந்தக் கணினிக்கு நான் நோயாளியா கொடையாளியா என்று தெரியாது. ஒரு கிளினிக்கில் இளம் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு என்னை டயாலிசிஸ் பற்றி யோசிக்கச் சொன்னார். கிரியேட்டினின் அசையாமல், சிறுநீரில் புரதம் இல்லாமல், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் அந்த எண் மட்டுமே நோயாகாது.

ஆனால் எனக்குப் புரதம் இருந்தது. முதல் ஆண்டு முடிந்ததும் மருத்துவமனையில், நீங்கள் நலமாக இருக்கிறீர்கள், இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். தம்பியின் கோப்பு இரண்டு தொகுதியாகப் பருத்துக்கொண்டிருந்தது. என் பெயரில் இருந்த மெல்லிய கோப்பை மூடிவிட்டார்கள். நானும் மகிழ்ச்சியோடுதான் வீட்டுக்குப் போனேன். பல ஆண்டுகள் கழித்து, காலையில் கழிவறைக் கிண்ணத்தில் நுரை நின்றுகொண்டே இருப்பதை மனைவி கவனித்தார். ஒருமுறை நீர் ஊற்றியும் ஓரத்தில் சோப்புக் குமிழிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. காலை முதல் சிறுநீரைச் சிறு குப்பியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதத்தின் விகிதம் 3-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தது. அன்றைக்கு அளந்த ரத்த அழுத்தம் 158-க்கு 96. எனக்குத் தலைவலிகூட இருந்ததில்லை.

கொடுத்தவர்களுக்கு வயதுக்கு ஏற்ப ஏறும் அழுத்தத்தோடு இன்னும் 5 புள்ளிகளாவது சேர்கிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் 2006-இலேயே எழுதியிருக்கிறார்கள். என் குடும்பத்தில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அழுத்தம் உண்டு. ஆகவே கொடுத்ததால் வந்ததா, கொடுக்காவிட்டாலும் வந்திருக்குமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது அழுத்தத்தைக் குறைக்கும் பெரிண்டோபிரில் சாப்பிடுகிறேன். அந்த வகை மாத்திரை தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும், பார்த்தார்கள். விகிதம் 4-க்கு இறங்கியிருக்கிறது.

தம்பி இரவு பத்து மணிக்கு நாசி கண்டாரில் குழம்பைக் கலந்து ஊற்றிச் சாப்பிடுகிறான். கொடுத்த நான் உப்பில்லாத இடியாப்பத்தோடு அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். என் சிறுநீரகத்துக்கு நல்ல வாழ்வு கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை.

11 மார்ச்

மூட்டுவலி மாத்திரையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று தாதி ஒருவர் கடிந்துகொண்டார். நியாயம்தான், என் கதையில் அதற்கும் பங்குண்டு. முழங்கால் வலிக்காக டைக்ளோஃபெனாக்கை வாரக்கணக்கில் விழுங்கியிருக்கிறேன். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம் எல்லாம் ஒரே குலம். சிறுநீரகத்துக்குள் ரத்தம் பாயும் குழாயைச் சுருக்குபவை. பல்வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் நம் கிளினிக்குகளில் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரும் மாத்திரைகளில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். நமக்குப் பாரசிட்டமால் போதும்.

அதைவிட மோசம் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் இடுப்பு வலிக்கென்று விற்கும் பெயர் தெரியாத உருண்டைகளும் ஜாமு மூலிகைப் பொட்டலங்களும். வலி அரை மணியில் பறந்துவிடுகிறது என்றால் உள்ளே வலி மருந்தோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். இன்னொன்று, பிளிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழம். ஆக்சலேட் நிறைந்தது, வெறும் வயிற்றில் குவளை குவளையாகச் சாறு குடித்து, நல்ல சிறுநீரகமே திடீரென்று செயலிழந்தவர்கள் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் நஞ்சு மூளைவரை போகும். கொடையாளர் ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது என்பார்கள், இருக்கலாம். எங்கள் வீட்டு மரத்தில் காய்ப்பதெல்லாம் அணிலுக்கு.

12 மார்ச்

செந்தூல் தங்கை, இரண்டாவது குழந்தைக்கு ஆசை இருக்கிறது என்று நேற்று எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய இடம் மருத்துவமனை.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கொடுத்த பிறகு கருவுற்ற பெண்களை, அவர்களைப் போலவே ஆரோக்கியமான மற்ற பெண்களோடு ஒப்பிட்டு 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பகால ரத்த அழுத்தமோ, அழுத்தத்தோடு சிறுநீரில் புரதமும் கசியும் முன்சூல்வலிப்போ வந்தது கொடையாளர்களில் 11 விழுக்காடு, மற்றவர்களில் 5 விழுக்காடு. குறைப்பிரசவத்திலும் எடை குறைந்த பிறப்பிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை; தாய்மார் யாரும் இறக்கவில்லை. கொடுத்த பிறகு பிள்ளை பெறக் கூடாது என்று இதற்குப் பொருளன்று. பெற்று முடித்துவிட்டுக் கொடுக்க வாய்ப்பிருந்தால் அந்த வரிசை மேல்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். இளையவர், ஆரோக்கியமானவர், ஆகவே நல்ல கொடையாளர் என்று நினைப்பது இயல்பு. வாங்குபவருக்கு அது உண்மை. கொடுப்பவருக்குக் கணக்கு வேறு. 55 வயதில் அழுத்தமும் சர்க்கரையும் இல்லாமல் சோதனையில் தேறியவரின் உடல் தன்னிடம் இருப்பதில் பெரும்பகுதியை ஏற்கெனவே காட்டிவிட்டது. 29 வயதில் தேறியவரின் உடல் இன்னும் எதையும் காட்டவில்லை. முன்னே இன்னும் ஐம்பது ஆண்டுகள் கிடக்கின்றன. இதை என்னிடம் ஒருவர் சொல்லியிருந்தால், 44 வயது எனக்கு நல்ல வயது என்று அன்றே தெரிந்திருக்கும்.

14 மார்ச்

கிள்ளான் நண்பர், ஏன் எப்போதும் அக்கா தங்கையும் மனைவியும் அம்மாவும் மட்டுமே கொடுக்கிறார்கள் என்று கேட்கிறார். எப்போதும் அல்ல, நான் இருக்கிறேனே. ஆனால் உலகெங்கும் உயிருடன் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம் என்பது உண்மை. கொடையாளரைத் தனியாக அழைத்து, வீட்டார் யாரும் இல்லாத அறையில், “உங்களுக்கு விருப்பமில்லை என்றால் ‘பொருந்தவில்லை’ என்ற அளவில் நாங்களே சொல்லிவிடுகிறோம்” என்று கேட்கும் வழக்கம் நல்ல மையங்களில் இருக்கிறது. அந்த அறையில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

15 மார்ச்

சட்டம் கேட்டவருக்குச் சுருக்கமாக. மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று 1975-இல் கோலாலம்பூரில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டே வந்த மனிதத் திசுச் சட்டம் 1974, இறந்தவரின் உடலிலிருந்து எடுப்பதைப் பற்றியது. உயிருடன் கொடுப்பவருக்குச் சுகாதார அமைச்சின் கொள்கையும் வழிகாட்டிகளுமே துணை. உறவில்லாத ஒருவர் கொடுக்க வேண்டுமானால் அமைச்சின் தனிக் குழு ஒப்புதல் தர வேண்டும். காசுக்கு வாங்க வெளிநாடு போவது பற்றிக் கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே காசுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவரின் கிரியேட்டினினை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

அமெரிக்காவில் கொடையாளருக்கே பின்னாளில் சிறுநீரகம் தேவைப்பட்டால் காத்திருப்போர் பட்டியலில் அவருக்கு முன்னுரிமை உண்டு. இங்கே எப்படி என்பதை, கையெழுத்துப் போடும் முன், நீங்கள் கொடுக்கப்போகும் மையத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

22 மார்ச்

தங்கை எழுதியிருப்பதை மற்றவர்களுக்காகச் சுருக்குகிறேன். அண்ணனுக்கு நோய் வந்தது இனிப்பு நீரால். அம்மா, அப்பா இருவருக்கும் அது உண்டு. இவருக்கு வெறும் வயிற்று அளவு எல்லைக்கோட்டில் இருப்பதால், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதற்கிடையில் அண்ணியும் தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு 46 வயது, மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டன, அண்ணனுக்கு ரத்த உறவு இல்லை. மேலே எழுதியதையெல்லாம் படித்தவர்களுக்கு இந்த மூன்று விவரமும் ஏன் முக்கியம் என்று தெரியும். திசுப் பொருத்தம் உங்களுக்கு இருப்பதுபோல் அவருக்கு இருக்காது. இன்றைய மருந்துகளோடு கணவன் மனைவியிடையே மாற்றிய சிறுநீரகங்கள் நன்றாகவே ஓடுகின்றன.

சோதனையில் தேறிவிட வேண்டும் என்று ஒரு வாரமாகச் சோற்றையும் பாலையும் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள். அந்தச் சோதனைக்கு முன் மூன்று நாட்களாவது வழக்கம்போல் சோறு, ரொட்டி எல்லாம் சாப்பிட்டிருக்க வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்துவிட்டுப் போனால் இரண்டாவது மணி அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி நாளைக்கே கிளினிக்குக்குத் தொலைபேசி செய்யுங்கள். முந்தைய இரவு மட்டும் பட்டினி இருந்தால் போதும்.